பதினேழாம் நம்பர்

"பதினாறு."

"உள்ளேன் ஐயா."

"பதினேழு."

"உள்ளேன் ஐயா."

கணக்கு வாத்தியார் டிக் போட்டுவிட்டுத்தான் நிமிர்ந்தார். மூன்றாவது பெஞ்சின் ஓரம் காலி.

பதினேழாம் நம்பர்காரி ஒரு வாரமாக ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். இதே வகுப்பில்தான் காய்ச்சலில் சுருண்டு விழுந்தாள். தூக்கிக்கொண்டு ஓடிய அவசரத்தில் பையை யாரும் எடுக்கவில்லை. அது மட்டும் அவள் இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது.

"யார் அது?"

ஊரெல்லாம் ஃப்ளூ. வகுப்பு முழுக்க முகக்கவசம். கண்கள் மட்டும் அவரைப் பார்த்தன. எந்த வாய் அசைந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

டிக்கை அடித்துவிட்டு ஆப்சென்ட் போட்டார்.

முப்பத்தோரு பேரின் பெயரை மனப்பாடம் பண்ண அவருக்குப் பொறுமை கிடையாது. எல்லாரும் நம்பர்தான். பதிலுக்கு அவர்கள் அவருக்கு 'அடிஸ்கேல்' என்று பெயர் வைத்திருந்தார்கள். கணக்கு நேராகிவிட்டது.

மறுநாளும் அதே 'உள்ளேன் ஐயா'. அதற்கு மறுநாளும். சளி கட்டிக் கரகரத்த குரல். விழுந்த அன்று காலையில் அவள் சொன்ன அதே குரல்.

குறும்பு என்றுதான் நினைத்தார். வீட்டுக்கணக்கு நோட்டுகளைத் திருத்த உட்காரும் வரை.

வகுப்புக்கு வந்தவர்கள் இருபத்தாறு பேர். நோட்டு இருபத்தேழு இருந்தது.

கட்டின் அடியில் பதினேழின் நோட்டு. அவள் வராத நாட்களில் கொடுத்த கணக்கெல்லாம் ஒன்று விடாமல் போட்டிருந்தது. அவள் கையெழுத்தேதான். ஏழு எழுதினால் இடுப்பில் குறுக்கே ஒரு கோடு இழுப்பாள். வேண்டாம் என்று எத்தனையோ தடவை சுழித்திருக்கிறார். ஒவ்வொரு ஏழிலும் அந்தக் கோடு இருந்தது.

ஆசிரியர் அறையில் மின்விசிறி ஓடவில்லை. ஆனாலும் அவருக்கு முதுகு சில்லிட்டது.

அவள் அம்மாவுக்குப் போன் போட்டார்.

"எப்படிம்மா இருக்கா?"

"இன்னும் கண்ணே திறக்கலை சார்."

"ஏதாவது எழுதினாளா?"

கேட்ட பிறகுதான் எவ்வளவு அசட்டுக் கேள்வி என்று உறைத்தது. 

"விரல் மட்டும் அசையுது சார். எழுதற மாதிரியே."

அவர் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். "லீவு லெட்டர் அனுப்பணும்மா. சேர்ந்தாப்பல பதினஞ்சு நாள் வரலேன்னா பேரை அடிச்சிடணும். அப்புறம் பரீட்சை எழுத முடியாது."

"டாக்டர் சர்ட்டிஃபிகேட் இல்லாம லெட்டர் வாங்க மாட்டோம்னு உங்க ஆபீஸ்ல சொல்லிட்டாங்க சார். வீட்டுக்கு அனுப்பும்போதுதான் சர்ட்டிஃபிகேட்டுன்னு இங்க சொல்றாங்க."

"ரூல் ரூல்தான்மா. நான் என்ன பண்ண முடியும்?"

பதினான்காம் நாள் மறுபடி நோட்டுக் கட்டு. பதினேழின் பக்கத்தில் உட்காருகிறவள் பதினெட்டு. அவள் நோட்டைப் புரட்டியவர் நின்றார். அவள் எழுதும் ஏழு எப்போதும் மொட்டையாக இருக்கும். இன்றைக்கு எல்லா ஏழுக்கும் இடுப்பில் கோடு.

மணி அடித்ததும் அவளை நிறுத்திவைத்தார்.

"உன் ஏழு எப்போலேர்ந்து பெல்ட் போட ஆரம்பிச்சுது?"

நோட்டைக் குனிந்து பார்த்தாள். "கை மறந்துடுச்சு சார்."

"அவ நோட்டை நீதான் எழுதறியா?"

"ஆமா சார்."

"குரலும் நீதானா?"

"ஆமா சார்."

"இத்தனை நாளா வாய் கூசாம பொய் சொல்லியிருக்கே."

"பொய் இல்லை சார். உள்ளேன்னா இருக்கேன்னுதானே அர்த்தம்? அவ இருக்கா."

"ஆஸ்பத்திரியில இருக்கிறது வேற. வகுப்புல இருக்கிறது வேற."

"போன வருஷம் பன்னிரண்டாம் நம்பரும் ஆஸ்பத்திரியிலதான் இருந்தான் சார். பதினஞ்சாம் நாள் காலையில நீங்க அவன் பேரைச் சிவப்பு மையால அடிச்சீங்க. சாயங்காலம் சேதி வந்துச்சு."

வகுப்பறை திடீரென்று பெரிதாகிவிட்ட மாதிரி இருந்தது.

"முட்டாள்தனமா பேசாதே. அவனுக்கு நுரையீரல் முழுக்கச் சளி. அதுக்கும் என் பேனாவுக்கும் என்ன சம்பந்தம்?"

"ஒண்ணும் இல்லைன்னு எங்களுக்கும் தெரியும் சார். ஆனா எதுக்கு வம்பு?"

எங்களுக்கும் என்றாள். அவள் கண்கள் சிவந்திருந்தன. அழுகை என்று நினைத்து, "வீட்டுக்குப் போ" என்று அனுப்பிவிட்டார்.

மறுநாள் ஆபீஸிலிருந்து வருகைப் பதிவேடு வந்தது. மேலே சிவப்புப் பேனாவைச் செருகி அனுப்பியிருந்தார்கள்.

மூன்றாவது பெஞ்சில் அந்தப் பை மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தது.

"பதினெட்டு எங்கே?"

"நேத்து சாயங்காலத்துலேர்ந்து காய்ச்சல் சார்."

அழுகை இல்லை, காய்ச்சல். வாத்தியார் சிவப்புப் பேனாவைத் திறந்தார்.

"பதினைந்து."

"உள்ளேன் ஐயா."

"பதினாறு."

"உள்ளேன் ஐயா."

"பதினேழு."

இருபது சொச்சம் ஜோடிக் கண்கள். எல்லாம் அவர் விரலிடுக்கில் இருந்த சிவப்பு முனையைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"உள்ளேன் ஐயா."

சளி கட்டிக் கரகரத்த குரல்.

மொத்த வகுப்பும் மூன்றாவது பெஞ்சைத் திரும்பிப் பார்த்தது. அங்கே பை மட்டும்தான்.

அடிஸ்கேல் சிவப்புப் பேனாவை மூடிவைத்தார். சட்டைப்பையிலிருந்து நீலப் பேனாவை எடுத்து அழுத்தமாக ஒரு டிக் போட்டார். முகக்கவசத்தை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"பதினெட்டு" என்று கூப்பிட்டார். கூப்பிட்டுவிட்டு, பதில் சொல்ல அவரே தொண்டையைச் செருமிக்கொண்டார்.