இரண்டாம் தீனி

தெருநாய்களுக்கென்று ரெஜினா பின்வாசலில் பொருத்திய இயந்திரம், சாயங்காலம் ஒருமுறைதான் தீனி கொட்டவேண்டும். அதுவோ கொட்டிவிட்டு, சற்றுப் பொறுத்து இன்னொரு முறையும் கொட்டியது.

"வாங்குற மூட்டையெல்லாம் எங்கதான் போகுதோ," என்று அவள் கணவர் ஆரோக்கியம் அலுத்துக்கொண்டார்.

இயந்திரத்தை இயக்கத் தான் எழுதிய கணினி நிரலை அவள் வரி வரியாகப் பார்த்தாள். கடைசியில் பிடிபட்டது. எல்லாம் முடிந்தபின், தீனி விழுந்ததா என்று குறித்துவைக்க அவளே எழுதிய வரி, சரிபார்க்கிற சாக்கில் தீனி கொட்டும் வேலையையே மறுபடியும் செய்யவைத்திருந்தது. தலையில் அடித்துக்கொண்டு திருத்தினாள்.

மறுநாள் ஜன்னலில் நின்று பார்த்தாள். தீனி ஒருமுறை விழுந்தது. நாய்களில் தடியன்கள் முட்டிமோதித் தின்றுவிட்டுப் போனார்கள். அப்புறம்தான் காருக்கு அடியிலிருந்து, பின்னங்காலை இழுத்துக்கொண்டு ஒரு வெள்ளைப் பெட்டை நாய் வந்தது. காலித் தட்டை அது முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. எதிரே உட்கார்ந்து, தீனி விழும் குழாயையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது.

"சரியாயிடுச்சா?" உள்ளிருந்து ஆரோக்கியம் கேட்டார்.

"ஆயிடுச்சுங்க."

ரெஜினா மடிக்கணினியைத் திறந்தாள். திருத்திய வரியைப் பழையபடியே ஆக்கினாள். பின்னால் யாராவது வந்து சரிசெய்துவிடக்கூடாதே என்று, அதற்கு மேலே ஒரு குறிப்பும் எழுதினாள்: "பிழை இல்லை. ஒருத்தி மெதுவாகத்தான் வருவாள்."