சுர்ர் வைத்தியம்

"அண்ணே, உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன். எங்க வீட்டுப் பெட்டியில மட்டும் கை வெச்சுடாதீங்க!"

பச்சை ஒயர்ச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு படியேறிய கேபிள்காரர் அப்படியே நின்றுவிட்டார். படம் தெரியவில்லை என்று திட்டியவர்களைப் பார்த்திருக்கிறார். சீரியல் பாதியில் நின்றதற்குச் சாபம் விட்டவர்களையும் பார்த்திருக்கிறார். இந்த வீட்டு மருமகள்தான் முதன்முதலாகக் கும்பிடுகிறாள்.

"கேபிளுக்கு எர்த் குடுக்க வந்திருக்கேம்மா. சின்ன வேலைதான்."

"அந்த வேலைதான் வேண்டாங்கறேன். எங்க மாமாவோட முட்டிவலியே உங்க பெட்டியாலதான் போச்சு!"

ஹாலில் டிவிக்குப் பக்கத்து நாற்காலியில் அவளுடைய மாமனார் உட்கார்ந்திருந்தார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றவர். கேபிள் பெட்டியின் தகர முதுகில் உள்ளங்கையைப் பதித்தபடி, "வாங்க தம்பி, உள்ள நகர்ந்து வாங்க" என்றார். பழக்க தோஷம்.

மருமகள் படபடவென்று கொட்டினாள். "போன வருஷம் முழுக்கப் பின்னறைதாண்ணே. டாக்டர் படுத்தே இருக்கணும்னுட்டார். சாப்பாடுகூட அங்கேயே கொண்டுபோய்க் குடுத்துடுவேன், எழுந்திருக்கவே விடமாட்டேன். உங்க ஆளுங்க இந்தப் பெட்டியை மாட்டின அன்னிக்கு மாமா சத்தம் கேட்டு எழுந்து வந்து எதேச்சையா கையை வெச்சார். சுர்ருனு இழுத்துச்சாம். மறுநாளே வலி பாதியாயிடுச்சாம்! இப்ப சாயங்காலமானா இங்கேதான். பிள்ளைங்களோட சிரிப்பென்ன, சீட்டாட்டமென்ன... நீங்கள்லாம் நல்லாயிருக்கணும்ணே."

சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. கேபிள்காரர் ஒயர்ச் சுருளைக் கீழே போட்டார். டெஸ்டரை எடுத்துப் பெட்டியில் வைத்தார். அதன் குட்டி விளக்கு பளிச்சென்று எரிந்தது.

"ஐயா, முதல்ல கையை எடுங்க!"

கண்டக்டர் எடுத்தார்.

"இது வைத்தியம் இல்லம்மா, வில்லங்கம். கம்பத்துலேர்ந்து வர்ற கேபிளுக்குள்ள கம்பி வலை மாதிரி ஒண்ணு சுத்தியிருக்கும். வீட்டுக்குள்ள நுழையற இடத்துலேயே அதை வீட்டு எர்த்தோட சேர்க்கணும். அதுதான் விதி. இங்க சேர்க்காம விட்டுட்டாங்க. இப்ப சுர்ருங்கறது கசியற கரண்ட்டு. நாளைக்கே கம்பத்துல ஒரு இடி இறங்கினா சுர்ரோட நிக்காது. ஐயா கை வழியா ஏறிக் கால் வழியா இறங்கும்."

மருமகளின் முகம் வெளிறிப் போயிற்று. இருந்தாலும் மனசு கேட்கவில்லை. "வெளியே தனியா ஒரு கம்பியை மண்ணுல அடிச்சு அதோட சேர்த்துடுங்களேன். வீட்டு எர்த்துல கை வெச்சாத்தானே மருந்து போயிடும்?"

"தனிக் கம்பி மட்டும் போதாதும்மா. அது ஒரு பக்கம், வீட்டு எர்த் ஒரு பக்கம்னு நின்னா, நடுவுல மாட்டறது மனுஷன்தான். ரெண்டும் ஒண்ணாச் சேர்ந்தே ஆகணும். இல்லேன்னா நான் இணைப்பைக் கழட்டிட்டுத்தான் போகணும்."

கண்டக்டர் மெல்லக் கேட்டார்: "எர்த் குடுத்துட்டா அந்த சுர்ரு நின்னுடுமா தம்பி?"

"நின்னுடும் ஐயா."

"சுத்தமாவா?"

"சுத்தமா."

கண்டக்டர் பின்னறைக் கதவை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். கேபிள்காரருக்குப் பாவமாக இருந்தது. எத்தனையோ வீட்டில் இணைப்பைப் பிடுங்கியிருக்கிறார், ஒரு மனிதரின் மருந்தைப் பிடுங்கியதில்லை.

"மறுபடியும் படுக்கையில விழுந்துடுவாரே..." மருமகள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சரிண்ணே. உசுருக்கு மேலயா? செஞ்சுடுங்க."

கேபிள்காரர் வெளிச்சுவரில் ஏணியைச் சாத்தினார். கேபிள் நுழையும் இடத்தில் உலோகப் பட்டையை மாட்டிப் பச்சை ஒயரை முடுக்கினார். சுவரோரமாகவே அதை இறக்கி, மீட்டர் பெட்டிக்குக் கீழே இருந்த வீட்டு எர்த்தோடு சேர்த்து இறுக்கினார். உள்ளே வந்து மறுபடி டெஸ்டரை வைத்தார். எரியவில்லை.

"முடிஞ்சுது. இனிமே தைரியமாத் தொடலாம் ஐயா."

கண்டக்டர் தயங்கித் தயங்கிக் கையை வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். மருமகள் அவர் முகத்தையே பார்த்தாள்.

"ஆகா!" என்றார் கண்டக்டர். "முன்னைவிட ஜோரா ஏறுதும்மா! முட்டி வரைக்கும் இறங்குது பாரு!"

"நிஜமாவா மாமா?" மருமகளுக்குத் தலைகால் புரியவில்லை. "அண்ணே, உங்க கைராசியே கைராசி! காபி குடிக்காம நகரக்கூடாது, ஆமா!" என்று சமையலறைக்கு ஓடினாள்.

கேபிள்காரர் குழம்பிப்போய்ப் பெட்டியில் தன் கையை வைத்துப் பார்த்தார். வெறும் தகரம். துளிக்கூட சுர்ரில்லை.

"ஐயா, இதுல ஒண்ணுமே இல்லையே!"

கண்டக்டர் சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, கேபிள்காரரின் இரண்டு கைகளையும் பிடித்து அருகே இழுத்தார். அவர் கண்கள் நிறைந்திருந்தன.

"சத்தம் போடாதே தம்பி. முட்டிவலி அன்னிக்கு மாதிரியேதான் இருக்கு, ஒரு இம்மியும் குறையலை. பஸ் நிறைய ஜனத்தோட வாழ்ந்தவன், பின்னறையில சுவத்தைப் பாத்துட்டுக் கிடக்க முடியலை. இந்த ஹால்ல பிள்ளைங்களோட உக்காரணும்னுதான் தினமும் பல்லைக் கடிச்சுட்டு அந்த ஷாக்கை வாங்கிட்டிருந்தேன். உனக்குக் கோடிப் புண்ணியம், இனிமே ஷாக் அடிக்காம உக்காருவேன்!"