பிழை திருத்த வந்தவர்

குடியை விட நினைப்பவர்கள் வாராவாரம் கூடும் அறை அது. அச்சகத்தில் பிழை திருத்துபவர் வழக்கம்போல் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நான் குடிக்கிறவன் இல்லைங்க. குடியை விட வழி சொல்ற உங்க பன்னிரண்டு படிகள் புத்தகத்துல பிழை பார்க்க வந்திருக்கேன்" என்று அன்றும் ஆரம்பித்தார்.

"தெரியும். இங்க யாரும் யாரையும் பேர்கூடக் கேக்கறதில்லை, அதுதான் எங்க மரபு" என்றார் கூட்டத்தை நடத்தும் அக்கா. "இப்ப எந்தப் படியில இருக்கீங்க?"

"நாலாவதுல. நம்ம குறைகளை நாமே எழுதிப் பார்க்கற இடம். ஒரே தப்பா இருக்குங்க."

"மெதுவாப் பாருங்க."

அப்போது கதவைத் திறந்துகொண்டு அச்சக முதலாளி உள்ளே வந்தார். பிழை திருத்துபவரைக் கண்டதும் திகைத்து நின்றுவிட்டார்.

"நீ இங்க என்னப்பா பண்றே? அந்தப் புத்தகம் அச்சாகி மூணு மாசம் ஆச்சே?"

பிழை திருத்துபவர் தலையைக் குனிந்துகொண்டார். "நான் குடிச்சும் மூணு மாசம் ஆச்சு சார்."

பிறகு நிமிர்ந்து முதலாளியைப் பார்த்தார்.

"நீங்க எதுக்கு சார் வந்தீங்க?"

முதலாளி கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். "பைண்டிங் சரியா இருக்கான்னு பார்த்துட்டுப் போகலாம்னு..."

அக்கா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உட்காருங்க. அதுக்கும் ஒரு மூணு மாசம் ஆகும்."