கூரைக்கு முன்னால்

வாடகை கொடுத்து மாளாதவர்கள் சங்கமாகச் சேர்ந்து, தங்கள் வீடுகளைத் தாங்களே கட்டிக்கொண்டிருந்தார்கள். அன்றைய வேலை முடிந்ததும், கூரை போடாத கடைசி வீட்டுக்குள் அவன் நுழைந்தான். பின்னாலேயே அவளும் நுழைந்தாள்.

"யாராவது பாத்துட்டா?"

"பாக்கட்டும். கையைக் குடு. செங்கல் தூக்கித் தூக்கி எப்படிக் காய்ச்சுப் போயிருக்கு!"

"விடுங்க, நேரமாச்சு. அண்ணி கதவைப் பூட்டிடுவாங்க."

"இன்னும் கொஞ்ச நேரம்..."

வெளியே, புதிதாக வந்த எலக்ட்ரீஷியன் சங்கத் தலைவியின் காதைக் கடித்தார். "அக்கா, அந்த ரெண்டு பேரும் இன்னிக்கும் உள்ள போயிட்டாங்க. பாக்க நல்லாவா இருக்கு?"

"புருஷன் பொண்டாட்டிதான்பா. கல்யாணமானதிலேருந்து அவன் வேலை பாக்கிற கடையில படுக்கிறான், அவ அண்ணன் வீட்டு ஹால்ல படுக்கிறா."

தலைவி தச்சரைக் கூப்பிட்டாள். "கூரை மெதுவா வரட்டும். நாளைக்கே அந்த வீட்டுக்கு ஒரு கதவைப் போட்டுடுங்க. தாழ்ப்பாளோட."