உமி நகரவில்லை

"என்ன அண்ணாச்சி, குளத்துல இவ்வளவு தண்ணி நிக்குது!"

டாக்ஸியை விட்டு இறங்கிய ஜெயினுலாப்தீன் கரைமேல் ஏறி நின்று கேட்டார். பம்பாய் தாராவியில் தோல் கிடங்கு வைத்திருப்பவர். செம்பூரில் நம்பிராஜனின் மனையை வாங்கலாமா என்று பார்க்க வந்திருந்தார்.

"நிக்காம என்ன பாய்? இடுப்பளவு இருக்கு. இறங்கிப் பாக்கீயளா?" நம்பிராஜன் நெஞ்சை நிமிர்த்தினார்.

அந்த நெஞ்சு நிமிர மூன்று மாதம் பிடித்திருந்தது. ரயில்வே பட்டறையில் முப்பது வருஷம் ரயில் பெட்டிகளின் தண்ணீர்த் தொட்டி ஒழுகலை அடைத்தவர் அவர். போன வருஷம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து மூன்றில், சேமநிதியில் கடன் போட்டு இந்தச் சரளைமண் மனையை வாங்கிக் குளம் வெட்டினார். கரையில் கத்தரிக்காய், குளத்தில் மீன் என்று திட்டம். முதல் மழைக்குத் ததும்பிய குளம் மூன்றாம் நாள் வெறும் பள்ளமாகக் கிடந்தது. "ஊரு ஒழுகலெல்லாம் அடைச்சேன், என் குளத்தை அடைக்கத் துப்பில்ல" என்று பட்டறையில் அவரே சொல்லிச் சிரித்தார். பிறர் சிரிப்பதற்கு முன்னால் தாமே சிரித்துவிடுவது அவர் வழக்கம்.

இப்போது சிரிப்பு வரவில்லை. பணி ஓய்வு பெற்றாயிற்று. மாதக் கடைசிக்குள் ரயில்வே குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். மனை விற்றால்தான் தாராவி பக்கம் லேபர் கேம்பில் பார்த்து வைத்த வீடு. விற்காவிட்டால் மனைவி சொர்ணம்மாளையும் அண்டா குண்டாவையும் இந்தக் கரையில்தான் கொண்டுவந்து இறக்க வேண்டும்.

"வாறவர்ட்ட மறைக்காதீய, ஒழுகுன குளம்னு சொல்லிருங்க" என்று சொர்ணம்மாள் காலையிலேயே சொன்னாள்.

"ஒழுகுன குளத்தை எந்தக் கிறுக்கன் வாங்குவான்? அந்த ஒருத்தன்தான் ஏற்கெனவே வாங்கிட்டானே!" என்று தன் மார்பைத் தட்டிக் காட்டிவிட்டுக் கிளம்பினார். தோல்காரருக்குக் குளம் எதற்கு? தோலை ஊறப் போடத்தான். இது தெரியாதா அவருக்கு?

ஜெயினுலாப்தீன் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் கேள்விப்பட்டது வேற மாதிரி அண்ணாச்சி. எவ்வளவு மழை கொட்டினாலும் ரெண்டு நாள்ல பூமி குடிச்சிரும்னாங்க."

நம்பிராஜன் சட்டென்று திரும்பினார். "எவன் சொன்னான்?"

"எங்க கிடங்குக்குப் பால் ஊத்துறவன். போன வருஷம் பாத்தானாம்."

"பால்ல தண்ணி ஊத்துறவன் பேச்சை நம்பலாமா? இங்க பாருங்க."

இடுப்பில் முடிந்து வைத்திருந்த உமியை அள்ளித் தண்ணீரில் தூவினார். ஒழுகும் குளமானால் உமி மெல்ல நகர்ந்து ஓட்டை இருக்கும் பக்கம் போய்ச் சேரும். இந்த மழைக்காலம் முழுக்க அவர் அப்படித்தான் ஓட்டைகளைக் கண்டுபிடித்தார். பதினோரு நண்டு வளை. போதாததற்கு, மக்கிப்போன பனைவேர் விட்டுப்போன பொந்து ஒன்று. தண்ணீர் வடிந்ததும் ஒவ்வொன்றாகத் தோண்டி, தாராவிக் குயவர்களிடம் வாங்கிய களிமண்ணைப் பிசைந்து அடைத்து இடித்தார். கடைசியாகப் பக்கத்துத் தொழுவத்திலிருந்து ஆறு எருமைகளைக் கூலிக்குப் பிடித்து அடித்தரை முழுவதையும் மிதிக்க விட்டார். ஏழாவதாகத் தாமும் இறங்கி மிதித்தார். அந்த எருமைக்கு மட்டும் கூலி இல்லை என்று சொர்ணம்மாளிடம் சொல்லிக்கொண்டார்.

டாக்ஸிக்காரன் ஒரு பீடி குடித்து முடித்தான். உமி போட்ட இடத்திலேயே கிடந்தது.

"பாத்தீயளா? எக்தம் பக்கா! துளி ஒழுகல் இல்ல!"

ஜெயினுலாப்தீனின் முகம் தொங்கிப்போயிற்று. விலையைக் குறைக்க இப்படி எத்தனை பேர் முகத்தைத் தொங்கப்போட்டுப் பார்த்திருக்கிறார் நம்பிராஜன்! உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார்.

"அடியில சரளை மண்ணு இல்லியா?"

"சரளையா? சுத்தக் களிமண்ணு."

"குளத்துக்குள்ள மட்டுமா?"

"மனை முழுக்க அதே களிமண்ணுதான் பாய். எங்க வேணும்னாலும் தோண்டுங்க. ஒரு வாளி தண்ணி ஊத்தினா ஒரு வாரம் அசையாது."

"வெட்டின நாள்லேருந்தே இப்படித்தானா? யோசிச்சுச் சொல்லுங்க அண்ணாச்சி."

யோசிப்பதற்கு என்ன இருக்கிறது? வீடு கண்ணுக்கு முன்னால் நின்றது. நம்பிராஜன் தெற்கே திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டார். "திருச்செந்தூர் முருகன் சத்தியமா, வெட்டின நாள்லேருந்து ஒரு சொட்டு வெளிய போனதில்ல!"

முருகன் மன்னிப்பார், அவருக்கு வீடு இருக்கிறது என்று சமாதானம் சொல்லிக்கொண்டார்.

ஜெயினுலாப்தீன் பெருமூச்சு விட்டார். மடிப்பையிலிருந்து பாதி வெளியே எடுத்திருந்த பண உறையை மறுபடி உள்ளே தள்ளிக்கொண்டு டாக்ஸியை நோக்கி நடந்தார்.

நம்பிராஜன் பின்னாலேயே ஓடினார். "பாய், நில்லுங்க! விலைதான் கூடுதல்னா பேசித் தீத்துக்கலாம்."

"விலை கெடக்கட்டும் அண்ணாச்சி." டாக்ஸியில் ஏறிய ஜெயினுலாப்தீன், கதவைச் சாத்துமுன் நம்பிராஜனின் கையை நன்றியோடு பற்றிக்கொண்டார். "தாராவில வருஷா வருஷம் மழைத்தண்ணி முழங்காலுக்கு நின்னு என் தோலெல்லாம் அழுகிப்போவுது, தண்ணியே நிக்காத மண்ணு பம்பாய்ல உங்க மனை ஒண்ணுதான்னு அந்தப் பால்காரன் சொன்னதைக் கேட்டு, கிடங்கு கட்ட அட்வான்ஸோட வந்துட்டேன். நல்லவேளை, நீங்க சத்தியம் பண்ணி என்னைக் காப்பாத்துனீய!"