இன்னும் செட் ஆகல

"இன்னும் செட் ஆகல, டாக்டரம்மா" என்று சொல்லிவிட்டு, வேலையை விட்டு ஓய்ந்திருந்த கொத்தனார் நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தார்.

பல் டாக்டருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

கிளினிக் திறந்த பிறகு அவள் செய்த முதல் முழுப் பல்செட் அது. அச்சு எடுத்தது முதல் மெருகேற்றியது வரை எல்லாம் அவள் கை. செட் ஆகவில்லை என்று இந்த மனிதர் வியாழக்கிழமை தவறாமல் வந்து உட்கார்ந்தால், வேறு யார் அவளை நம்பி வாயைத் திறப்பார்கள்?

அவளுக்கும் அந்த வார்த்தைக்கும் ஏற்கெனவே ஆகாது. காலேஜில் எந்த செட்டும் அவளைச் சேர்த்துக்கொள்ளவில்லை. கல்யாணத்துக்குப் பார்த்த இடங்களோ "செட் ஆகும்னு தோணல" என்று நாசூக்காக நழுவிவிட்டன. வீட்டில் ஒரு டிவி செட்டைத் தவிர அவள் பங்குக்கு வேறு செட் இல்லை என்று இருந்தபோதுதான் இந்தப் பல்செட் மின்ன மின்ன உருவானது. அதற்கும் இந்தக் கதி.

கொத்தனாரின் சட்டையில் இஸ்திரி மடிப்பு கத்தி மாதிரி நின்றது. மீசைக்கு மை போட்டிருந்தார். குறை சொல்ல வந்தவர் போலவே இல்லை.

"எங்க குத்துது?"

"குத்தல."

"ஆடுதா?"

"ஆடல."

நீலத்தாளை வைத்துக் கடிக்கச் சொன்னாள். எல்லாப் பல்லிலும் தடம் ஒரே சீராக விழுந்தது.

கடித்துக் காட்டச் சொல்லி, தட்டிலிருந்த கேரட்டை நீட்டினாள். அவர் அதைக் கடித்த சத்தத்தில் வெளியே காத்திருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். முழுக் கேரட்டும் உள்ளே போயிற்று. இன்னொன்று கிடைக்குமா என்பது போல் தட்டைப் பார்த்தார்.

"அப்புறம் என்னதாங்கய்யா செட் ஆகல?"

"அவசரப்பட்டா எப்படிம்மா? தளம் போட்ட அன்னைக்கே மேல ஏறி நடக்க முடியுமா? செட் ஆகுற வரைக்கும் தண்ணி விட்டுக்கிட்டே இருக்கணும்."

அவள் பொறுமை அதோடு போயிற்று. கையுறையை உருவ ஆரம்பித்தாள்.

"இதைத் தூக்கிப் போட்டுடலாம். என் சீனியர் உங்களுக்குப் புது செட் பண்ணித் தருவார். அவர் கிளினிக் பஸ் ஸ்டாண்டு தாண்டி இருக்கு. இனிமே நீங்க அங்கேயே போய்க்கலாம்."

கொத்தனார் விருட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். முகம் வெளிறிவிட்டது.

"அங்கேயா? வேண்டாம்மா." கதவைப் பார்த்துக் குரலைத் தணித்தார். "பல்லெல்லாம் மாட்டின அன்னைக்கே செட் ஆயிடுச்சு. நான் சொன்னது, வெளிய டோக்கன் குடுக்கறாங்களே, அந்த மேடம் விஷயம்."

கையுறை பாதி உருவியபடி நின்றது.

"நானும் தனி ஆளு, அவங்களும் தனி ஆளு. காத்திருக்கிற நேரத்துல நாலு வார்த்தை பேசிக்குவோம். எனக்குப் பல்லு வர்றதுக்கு முன்னாடி சொன்ன ஜோக்குக்குக்கூடச் சிரிச்சாங்கம்மா. ஒரு வார்த்தை புரிஞ்சிருக்காது. ஆனாலும் சிரிச்சாங்க."

அதைச் சொல்லிவிட்டு மீசையை நீவிக்கொண்டார்.

"அவங்களுக்கு இஷ்டம்தான். ஆனா ஒரே ஒரு பொண்ணு இருக்காம். நல்ல பொண்ணுதான், கொஞ்சம் சிடுமூஞ்சியாம். அது என்ன சொல்லுமோன்னு தயங்குறாங்க."

"சிடுமூஞ்சின்னா சொன்னாங்க?"

"பாசமாத்தான் சொன்னாங்க."

டாக்டர் திரும்பிப் போய்க் கையைக் கழுவினாள். கழுவிய கையையே மறுபடியும் கழுவினாள். வியாழக்கிழமை வந்தால் மட்டும் டோக்கன் மேடம் மூக்குக்கண்ணாடியை மறைத்து வைத்துவிட்டு, எண்களைத் தப்பும் தவறுமாகக் கூப்பிடுவது ஏன் என்று இப்போது புரிந்தது.

கதவைத் திறந்தாள்.

வெளியே பெஞ்சு நிறைய ஆட்கள். ஓரத்தில் ஒரு பெரியவர், முழுப் பல்செட் கட்ட என்ன ஆகும் என்று விசாரிக்க வந்தவர், பொக்கை வாயைக் கைக்குட்டையால் மூடியபடி உட்கார்ந்திருந்தார். அடுத்த செட் அவருடையதாக இருந்திருக்கும்.

மூச்சை இழுத்து, எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி சொன்னாள்.

"மேடம், ஐயாவுக்கு இன்னும் செட் ஆகல. அடுத்த வியாழனும் வரட்டும். அதுக்கு அடுத்த வியாழனும்."

ஓரத்துப் பெரியவர் சத்தம் காட்டாமல் எழுந்து வாசலில் செருப்பைத் தேடினார். அவள் அவரைத் தடுக்கவில்லை.

டோக்கன் மேடம் கண்ணாடி இல்லாமலே எங்கேயோ எதையோ எழுதினார்.

வேலை செய்யும் இடத்தில் முறை சொல்லிக் கூப்பிடுவதில்லை என்று கிளினிக் திறந்த அன்றே இருவரும் பேசி வைத்திருந்தார்கள். டாக்டர் மேசைமேல் குனிந்து, அதை முதல் தடவையாக மீறினாள்.

"நான் சிடுமூஞ்சியா, அம்மா?"

மேடம் நிமிரவில்லை. காது மடல் மட்டும் சிவந்தது. உள் அறைப் பக்கம் பார்த்துப் பல்லைக் கடித்தார்.

"வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்கத் தெரியுதா பாரு, அந்த மனுஷனுக்கு."

அப்பாவைத் தவிர வேறு யாரையும் அம்மா அந்தக் குரலில் திட்டி அவள் கேட்டதில்லை.