பின் சுவர்

"இன்னும் ஒரு மண்வெட்டி மண் எடுத்துப் பாரு, நானே இறங்கி வந்து குழிக்குள்ள படுத்துக்குவேன்!"

மேல் வீட்டு வாசலில் நின்று அண்ணன் கத்தினான். கீழே சரிவில் நின்ற தங்கை நிமிரவில்லை.

"வரும்போது தலகாணி எடுத்துட்டு வா. இங்கே எல்லாம் கல்லு."

மேஸ்திரிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

அப்பா இறந்ததும் நிலம் இரண்டானது. மேலே வீடு அண்ணனுக்கு. வேலிக்குக் கீழே, ரோடு வரை இறங்கும் சரிவு தங்கைக்கு. அதோடு இருவருக்கும் நல்ல பேச்சு நின்றது.

அவளுக்கு வெல்டிங் தொழில். கேட், ஜன்னல் கம்பி, மாடிப்படிக் கைப்பிடி. சொந்தமாக ஒரு வேன். வேனை நிறுத்தவும் பட்டறை போடவும் ஒரு ஷெட் வேண்டும் என்றுதான் மேஸ்திரியை அழைத்திருந்தாள்.

"அக்கா, கடைசியா ஒரு தடவை சொல்லிடறேன்" என்றார் மேஸ்திரி. "ரோட்டோரம் சமதரை சும்மா கிடக்கு. அங்கே போட்டா வண்டி நேரா உள்ளே போகும். அதை விட்டுட்டு, மேலே உங்க அண்ணன் வேலிகிட்ட சரிவைக் குடைஞ்சு... எதுக்கு இந்த வம்பு?"

"இங்கேதான் வேணும்."

"பின் சுவரை மட்டுமாவது வேலியிலிருந்து கொஞ்சம் தள்ளி..."

"ஒட்டித்தான் வரணும்."

மேலேயிருந்து குரல் வந்தது. "கேட்டீங்களா மேஸ்திரி? என் வயித்தெரிச்சலைக் கிளப்பணும்னே கட்டறா! தினம் காலையில நான் இவ தகரக் கூரை முகத்துல முழிக்கணுமாம்!"

"ஜன்னலைச் சாத்திக்கோ."

வேலை விசித்திரமாக நடந்தது. சரிவை ஒரேயடியாக வெட்ட அவள் விடவில்லை. ஓர் ஆள் படுக்கும் அகலத்துக்கு வெட்டி, கம்பி கட்டி, கான்கிரீட் போட வேண்டும். பிறகு ஓர் இடம் விட்டு அடுத்தது. நடுவில் விட்டவை எல்லாம் கடைசியில். சரிவு பல் விழுந்த வாய் போல இளித்தது. கம்பியை அவளே வளைத்தாள். மேஸ்திரி சொன்னதைவிட இரு மடங்கு தடிமன்.

"நிறுத்தப்போறது வேனா, பீரங்கியா அக்கா?"

"எதை நிறுத்தினா உங்களுக்கென்ன? கம்பியைப் பிடிங்க."

மறுநாள் அண்ணன் தான் சொன்னபடியே செய்தான். நாற்காலியோடு வந்து ஒரு குழிக்குள் உட்கார்ந்தான். ஆட்கள் கைகட்டி நின்றார்கள்.

"எழுந்திரு. மேலே மண்ணு தொங்குது" என்றாள்.

"மிரட்டறியா?"

"மண்டையில விழுந்தா மண்ணுக்குத்தான் சேதம். எழுந்திருடா."

அவன் அசையவில்லை. அவள் ஆட்களைப் பார்த்தாள். "இவன் உட்கார்ந்திருக்கற குழிக்கு இன்னைக்கு வேலையே இல்லை. அந்தக் கோடியில கான்கிரீட் போடுங்க."

வெயில் உச்சிக்கு வந்ததும் அண்ணன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஏறினான். யாரும் சிரிக்கவில்லை. அவன் வீட்டுக் கதவு சாத்தும்வரை.

பிறகு பஞ்சாயத்து ஆபீஸில் புகார் கொடுத்தான். ஆபீஸிலிருந்து இன்ஜினியர் வந்தார். அண்ணன் வேலி ஓரம் வந்து நின்றான்.

"சார், இது எங்கப்பா கட்டின வீடு. பாறை மாதிரி நிக்குது. இவ அடியில குழி பறிக்கறா. பொம்பளைக்கு எதுக்கு சார் பட்டறை? வேலையை நிறுத்துங்க."

இன்ஜினியர் வேலியிலிருந்து அளந்தார். வரைபடத்தைப் பார்த்தார். சுவரை உள்ளங்கையால் தட்டினார்.

"ஏம்மா, ஒரு ஷெட்டுக்கு இவ்வளவு பெரிய சுவர் தேவையே இல்லையே?"

"குறைச்சலாக் கட்டினாத்தானே சார் தப்பு? அதிகமாக் கட்டினா அபராதமா?"

"அபராதம் இல்லை. ஆனா..."

"அப்போ எழுதிக் கொடுத்துட்டுக் கிளம்புங்க சார். மேகம் கட்டுது. எனக்கு வேலை இருக்கு."

அவர் அண்ணாந்து மேல் வீட்டைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு அண்ணனிடம், "அவங்க இடத்துக்குள்ளதான் கட்டறாங்க. நிறுத்த முடியாது" என்றார். அவளிடம் குரலைத் தாழ்த்தினார். "மழைக்கு முன்னாடி முடிச்சிடுங்க."

"இவ வாய்க்கு ஆபீஸே பயப்படுது!" அண்ணன் வேலியை உதைத்தான். வேலி அசையவில்லை. செருப்பு கழன்று அவள் பக்கம் விழுந்தது.

அவள் அதை எடுத்து மேலே எறிந்தாள். "அடுத்த தடவை ஜோடியா உதை."

முதல் தூறல் விழுந்த அன்று கடைசி இடைவெளியும் மூடியது. சுவருக்குப் பின்னால் ஜல்லி நிரப்பி, தண்ணீர் வடியக் குழாய்கள் விட்டிருந்தார்கள். ஆட்கள் மண்வெட்டிகளைக் கழுவி அடுக்கினார்கள். மேலே அண்ணன் ஜன்னலைப் படீரென்று சாத்தினான்.

"பின் சுவர் முடிஞ்சது அக்கா" என்றார் மேஸ்திரி. "மழை விட்டதும் முன்பக்கத் தூண், கூரை, ஷட்டர். அளவைச் சொல்லுங்க, இப்பவே ஏற்பாடு பண்ணிடறேன்."

"தூணும் வேண்டாம், கூரையும் வேண்டாம். இங்கே ஷெட்டே வரப்போறதில்லை."

மேஸ்திரி விழித்தார். "அப்போ இவ்வளவு சண்டையும் எதுக்கு?"

அவள் கையிலிருந்த சிமெண்டை உரசி உதிர்த்தாள்.

"போன மழையிலேயே அவன் வீடு சரிய ஆரம்பிச்சிடுச்சு மேஸ்திரி. சுவர் கட்டித் தரேன்னு போய் நின்னேன். உன் தயவுல நிக்கறதைவிட வீட்டோட விழுந்து சாவேன்னான். இப்போ விழச் சொல்லுங்க, பார்க்கலாம்!"